அங்கோர் வாட் பயணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கம்போடியாவின் அங்கோர் கோயில்களைப் பார்க்கப் போகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். கட்டண விவரங்கள் மாறக்கூடியவை. கிளம்பும் முன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

அங்கோர் வாட் என்பது ஒரு கோயிலா, ஓர் ஊரா?

அங்கோர் வாட் ஒரு கோயில். அங்கோர் என்பது 9 முதல் 15-ஆம் நூற்றாண்டு வரை கெமர் பேரரசின் தலைநகரமாக இருந்த பகுதி முழுவதும். அங்கே பெரியதும் சிறியதுமாக ஏராளமான கோயில்கள், மதில் சூழ்ந்த ஒரு நகரம், கடல் போன்ற ஏரிகள் எல்லாம் உண்டு. தங்குவதற்குப் பக்கத்து ஊர் சியம் ரீப். அங்கிருந்து அங்கோர் வாட் ஆறு கிலோமீட்டர் அளவுதான்.

இந்த வித்தியாசம் தெரியாமல் "கோயிலைப் பார்க்க ஒரு நாள் போதாதா?" என்று திட்டம் போட்டுவிட்டுப் பிறகு வருத்தப்படுகிறவர்கள் நிறையப் பேர்.

அதைக் கட்டியது தமிழ் மன்னன் என்கிறார்களே?

இல்லை. வாட்ஸ்அப்பில் வருடத்துக்கு இரண்டு முறை சுற்றிவரும் செய்தி அது. அங்கோர் வாட்டைக் கட்டியவர் கெமர் அரசர் இரண்டாம் சூரியவர்மன். 1113-இல் பட்டத்துக்கு வந்தவர். கோயில் 12-ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் எழுந்தது. கல்வெட்டுகள் சமஸ்கிருதத்திலும் பழைய கெமர் மொழியிலும் இருக்கின்றன. 'வர்மன்' என்ற பெயரைப் பார்த்ததும் பல்லவர் என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். அந்தக் காலத்தில் இந்தியாவிலும் தென்கிழக்காசியாவிலும் எத்தனையோ அரச குடும்பங்கள் வைத்துக்கொண்ட பின்னொட்டு அது.

உண்மையான தொடர்புகள் இருக்கும்போது இல்லாததைச் சொல்லிப் பெருமைப்படுவதுதான் எனக்குப் பிடிபடாத விஷயம். கெமர் எழுத்து பல்லவ எழுத்திலிருந்து வளர்ந்தது. அங்கே கிடைத்த, ஆண்டு குறிப்பிட்ட கெமர் மொழிக் கல்வெட்டுகளில் மிகப் பழையது கி.பி. 611-ஐச் சேர்ந்தது. காம்போஜ (அதாவது கம்போடிய) அரசன் நட்பு நாடி முதலாம் ராஜேந்திர சோழனுக்குத் தன் தேரை அனுப்பியதாகக் கரந்தைச் செப்பேடுகள் சொல்கின்றன. காம்போஜ அரசன் குலோத்துங்க சோழனுக்குக் காட்சிப்பொருளாக அளித்த ஒரு கல்லைச் சிதம்பரம் கோயிலில் வைத்ததாகவும் ஒரு கல்வெட்டு உண்டு. இவை இரண்டு அரசுகள் சமமாக உறவாடியதன் தடயங்கள். இன்னொன்று பந்தேய் ஸ்ரே என்ற கோயிலில் இருக்கிறது, அதைக் கீழே சொல்கிறேன்.

ஸ்ரீரங்கம் பெரியதா, அங்கோர் வாட் பெரியதா?

பரப்பளவில் அங்கோர் வாட். அகழியையும் சேர்த்தால் ஏறத்தாழ 400 ஏக்கர். ஸ்ரீரங்கம் 156 ஏக்கர். ஆனால் ஸ்ரீரங்கத்தில் அன்றாடப் பூஜை நடக்கிறது, ஏழு மதில்களுக்குள் மக்கள் குடியிருக்கிறார்கள். அங்கோர் வாட்டின் அகழி மட்டுமே 190 மீட்டர் அகலம், சுற்றளவு ஐந்து கிலோமீட்டருக்கு மேல். நடுக்கோபுரம் தரையிலிருந்து 65 மீட்டர் உயரம், தஞ்சைப் பெரிய கோயில் விமானத்துக்குக் கிட்டத்தட்ட ஈடு. தஞ்சை அதற்கு நூறு வருடம் மூத்தது.

இப்போது அது இந்துக் கோயிலா, புத்தர் கோயிலா?

விஷ்ணுவுக்காகக் கட்டியது. சில நூற்றாண்டுகளுக்குள் தேரவாத பௌத்தத் தலமாகிவிட்டது, இன்றும் அப்படித்தான். காவி உடுத்திய பிக்குகள் நடமாடுவார்கள், புத்தர் சிலைகளுக்கு முன் ஊதுபத்தி எரியும். மேற்கு வாயிலின் உள்ளே எட்டுக் கைகளோடு ஓர் ஆளுயரத்துக்கு மேற்பட்ட விஷ்ணு நிற்கிறார். அவரை உள்ளூர் மக்கள் 'தா ரீச்' என்று அழைத்து மஞ்சள் துணி போர்த்திக் கும்பிடுகிறார்கள். மதம் மாறியும் சாமியை விடவில்லை.

எத்தனை நாள் வேண்டும்? டிக்கெட் எவ்வளவு?

மூன்று நாள். 2017-இல் உயர்த்திய கட்டணப்படி ஒரு நாளுக்கு 37 டாலர், மூன்று நாளுக்கு 62, ஏழு நாளுக்கு 72. மூன்று நாள் டிக்கெட்டைத் தொடர்ந்து பயன்படுத்த வேண்டியதில்லை, பத்து நாளுக்குள் எந்த மூன்று நாளும் போகலாம். 12 வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்கு டிக்கெட் கிடையாது, ஆனால் வயதைக் காட்ட பாஸ்போர்ட் வேண்டும். டிக்கெட்டில் உங்கள் படம் அச்சாகியிருக்கும் என்பதால் அடுத்தவர் டிக்கெட்டில் உள்ளே போக முடியாது. இந்த ஒரே டிக்கெட்டில் அங்கோர் பூங்காவின் எல்லாக் கோயில்களும் அடங்கும்.

மாலையில் அடுத்த நாளுக்கான டிக்கெட்டை வாங்கினால் அன்றைய சூரிய அஸ்தமனத்தையும் கூடுதல் கட்டணம் இல்லாமல் பார்க்கலாம்.

சூரிய உதயம் பார்க்க விடிகாலையில் போயே ஆக வேண்டுமா?

கட்டாயமில்லை. கோயில் மேற்கு பார்த்தது. காலையில் சூரியன் கோபுரங்களுக்குப் பின்னால் எழுவதால் நிழலுருவம்தான் கிடைக்கும். அந்தப் படம் அழகுதான். ஆனால் உள்ளே நுழைந்ததும் இடப்பக்கத்துக் குளத்தங்கரையில் நூற்றுக்கணக்கானவர்கள் கைபேசியை உயர்த்திக்கொண்டு முண்டியடிப்பார்கள். கல்லில் வெயில் பட்டுப் பொன்னிறமாகத் தெரிய வேண்டுமென்றால் பிற்பகலில் போங்கள்.

விடிகாலையில் போவதற்கு வேறொரு நல்ல காரணம் இருக்கிறது. உதயம் முடிந்ததும் கூட்டத்தில் பெரும்பகுதி காலை உணவுக்காக விடுதிக்குத் திரும்பிவிடும். அந்த நேரத்தில் நேராக உள்ளே போய்விடுங்கள். மார்ச், செப்டம்பர் மாதங்களில் பகலும் இரவும் சமமாக இருக்கும் நாட்களை ஒட்டி, சூரியன் நடுக்கோபுரத்தின் உச்சிக்கு நேர் மேலே எழும். அன்றைக்குக் கூட்டம் இன்னும் அதிகம்.

உள்ளே எதைத் தவறவிடக் கூடாது?

சுவர்களை. அங்கோர் வாட்டின் உயிரே முதல் திருச்சுற்றின் சுவர்களில்தான் இருக்கிறது, பலர் அதன் ஓரமாக நடந்து உள்ளே போய்விடுகிறார்கள். ஐரோப்பியப் பயணிகளுக்கு வழிகாட்டி ஒவ்வொன்றாக விளக்க வேண்டும். நம் ஆட்களுக்கு வேண்டாம், சிறு வயதில் கேட்ட கதைகள்தான்.

மேற்கு வாயிலில் நுழைந்து வலப்பக்கம் திரும்பினால் குருக்ஷேத்திரம். இடமிருந்து கௌரவர், வலமிருந்து பாண்டவர், நடுவில் கைகலப்பு. பீஷ்மர் அம்புப் படுக்கையில் கிடப்பதைத் தேடிக் கண்டுபிடியுங்கள். அப்படியே தெற்குச் சுவருக்குத் திரும்பினால் சூரியவர்மனே வருகிறார், யானை மேல் படைத்தலைவர்கள் சூழ. அடுத்து யமன் எருமை மேல் உட்கார்ந்து தீர்ப்பு சொல்கிறான், கீழே நரகங்கள். 32 நரகங்கள், ஒவ்வொன்றிலும் என்ன தண்டனை என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். கிழக்குச் சுவரில் பாற்கடலைக் கடையும் காட்சி, 49 மீட்டர் நீளம். 92 அசுரர், 88 தேவர், வாசுகியைப் பிடித்து இழுக்கிறார்கள். நடுவில் விஷ்ணு, அடியில் ஆமை, மேலே பறந்து எழும் அப்சரஸ்கள், கீழே கடலில் சுழலில் சிக்கித் துண்டான மீன்கள். நடுக்கம்பத்தை நெருங்க நெருங்க மீன்களின் சிதைவு அதிகமாவதைப் பாருங்கள். செதுக்கியவர் தண்ணீரின் வேகத்தைக் காட்ட மீன்களைப் பயன்படுத்தியிருக்கிறார்.

நுழைந்த இடத்துக்கு இடப்பக்கம் உள்ள மேற்குச் சுவரில் இலங்கைப் போர். குரங்குகள் அரக்கர்களைக் கடிக்கும் விதத்தைப் பார்த்தால் சிரிப்பு வந்துவிடும். கெமர் ராமாயணத்துக்கு 'ரியாம்கேர்' என்று பெயர்.

சிற்பங்களின் வரிசை வலமாக இல்லை, இடமாகச் சுற்றுகிறது. இறுதிச் சடங்கில் சுற்றும் திசை அது. மேற்கு பார்த்த வாசலையும் இதையும் சேர்த்துப் பார்த்து, இது அரசனின் நினைவுக் கோயிலாகவும் இருந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். இந்தச் சுற்றுக்கு மட்டும் இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள்.

மேல் தளத்துக்கு ஏற முடியுமா?

முடியும். 'பக்கான்' என்ற அந்த உச்சித் தளத்துக்கு மரப்படி போட்டிருக்கிறார்கள், பழைய கல்படி ஏணி மாதிரி செங்குத்து. ஒரு நேரத்தில் குறிப்பிட்ட எண்ணிக்கையினரை மட்டும் விடுவார்கள், எனவே வரிசை நிற்கும். தோளும் முழங்காலும் மூடிய உடை இல்லாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். மேலே துண்டு போர்த்திக்கொள்வதை ஏற்பதில்லை, கையுள்ள சட்டையே வேண்டும். சிறு குழந்தைகளை விடுவதில்லை. பௌத்தர்களின் புனித நாட்களில் மூடியிருக்கும்.

மரவேர்கள் பிடித்த கோயில் எது? முகங்கள் உள்ள கோயில் எது?

வேர் உள்ளது தா ப்ரோம், முகம் உள்ளது பாயோன். இரண்டையும் கட்டியவர் ஏழாம் ஜெயவர்மன். 1177-இல் சாம் படைகள் (இன்றைய வியட்நாம் பகுதியில் இருந்த சம்பா நாட்டவர்) தலைநகரத்தைச் சூறையாடின. அதற்குப் பிறகு 1181-இல் பட்டமேறி நாட்டை மீட்டவர். மகாயான பௌத்தர்.

தா ப்ரோம் 1186-இல் தன் தாயின் நினைவாக எழுப்பியது. கோயிலுக்காக 3,140 ஊர்களும் 79,365 பேரும் உழைத்ததாக அங்குள்ள கல்வெட்டு கணக்குச் சொல்கிறது. இன்று கூரையைப் பிளந்துகொண்டு மரங்கள் நிற்கின்றன. மரத்தை வெட்டினால் சுவர் விழும், விட்டாலும் ஒரு நாள் விழும். அந்த இக்கட்டான வேலையில் நம் இந்தியத் தொல்லியல் துறையும் இருந்திருக்கிறது.

பாயோன் அங்கோர் தாமின் நடுவில் இருக்கிறது. அங்கோர் தாம் பக்கத்துக்கு மூன்று கிலோமீட்டர் மதில் கொண்ட சதுர நகரம். அதன் தெற்கு வாயில் பாலத்தில் 54 தேவர்களும் 54 அசுரர்களும் நாகத்தைப் பிடித்திருக்கிறார்கள். பாயோனின் கோபுரங்களில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு முகம் பாதிச் சிரிப்போடு பார்க்கும். அண்ணாந்து முகங்களையே பார்த்துக்கொண்டு கீழ்ச்சுவரை விட்டுவிடாதீர்கள். அரசனும் தெய்வமும் மட்டும் இல்லை, சந்தை, சேவல் சண்டை, பிரசவம், சமையல், ஏரியில் சாம் படைகளோடு படகுப் போர் என்று 12-ஆம் நூற்றாண்டு வாழ்க்கையே அங்கே இருக்கிறது.

பந்தேய் ஸ்ரே தூரமாயிற்றே, போகலாமா?

போங்கள். என்னைக் கேட்டால் அங்கோர் வாட்டுக்கு அடுத்த இடம் அதற்குத்தான். சியம் ரீப்பிலிருந்து 35 கிலோமீட்டர் அளவு. 967-இல் குடமுழுக்கு நடந்த சிவன் கோயில், கட்டியது அரசர் இல்லை, யக்ஞவராகர் என்ற அரச குரு. உருவத்தில் சின்னது. இளஞ்சிவப்பு மணற்கல்லில் மரத்தில் இழைத்தது போன்ற வேலைப்பாடு. ராவணன் கயிலையைத் தூக்கும் காட்சி, சிவன் காமனை எரிப்பது, வாலியும் சுக்ரீவனும் மோதுவது எல்லாம் உண்டு.

முன்பு சொன்ன தொடர்பு இதுதான். கிழக்கு வாயில் ஒன்றின் மேல் முகப்பில் பத்துக் கைகளோடு சிவன் ஆடுகிறார். ஓரத்தில் எலும்பும் தோலுமாக ஒரு பெண் உருவம் உட்கார்ந்திருக்கிறது. அது காரைக்கால் அம்மையார் என்று ஆய்வாளர்கள் அடையாளம் காண்கிறார்கள். ஆடும்போது அடியின் கீழ் இருக்க வேண்டும் என்று கேட்ட அம்மையாரை அங்கே ஒரு சிற்பி அப்படியே உட்காரவைத்திருக்கிறார். தமிழ் வழிகாட்டிப் புத்தகங்களே இதை எழுதுவதில்லை, உள்ளூர் வழிகாட்டிகளுக்கும் பெரும்பாலும் தெரியாது. நீங்களே அண்ணாந்து தேடுங்கள்.

1923-இல் ஆந்த்ரே மால்ரோ என்ற இளம் பிரெஞ்சு எழுத்தாளர் இந்தக் கோயிலிலிருந்து சிற்பங்களைப் பெயர்த்துக்கொண்டு போகப் பார்த்துப் பிடிபட்டார். பிற்காலத்தில் அவர்தான் பிரான்சின் கலாசார அமைச்சர்.

காட்டுக்குள் மறைந்து கிடந்ததை ஒரு பிரெஞ்சுக்காரர் கண்டுபிடித்தாராமே?

ஆன்ரி மூஓ 1860-இல் போனார், அவர் எழுதியதால் ஐரோப்பாவில் புகழ் பரவியது, அவ்வளவுதான். அவர் போனபோதும் அங்கோர் வாட்டில் பிக்குகள் இருந்தார்கள். 1296-இல் சீனத் தூதுக்குழுவோடு வந்த சோ தாகுவான் தலைநகரத்தை விரிவாக எழுதிவைத்திருக்கிறார். 1580-களில் ஒரு போர்த்துக்கீசியத் துறவி வந்திருக்கிறார். 1632-இல் வந்த ஜப்பானிய யாத்திரிகர் ஒருவர் தூணில் மையால் எழுதியது இன்னும் தெரிகிறது. வீட்டில் ஆள் இருக்கும்போதே "கண்டுபிடித்தேன்" என்றால் எப்படி?

அவ்வளவு பெரிய நகரத்தை ஏன் கைவிட்டார்கள்?

1431-இல் அயுத்தியாவின் (இன்றைய தாய்லாந்தில் இருந்த அரசு) தாக்குதல் என்று பாடப்புத்தகங்கள் சொல்லும். அது கடைசி அடி. அதற்கு முன்பே தண்ணீர் காலை வாரிவிட்டது. அங்கோரின் பலமே ஏரிகளும் கால்வாய்களும்தான். மேற்கு பாராய் என்ற ஏரி மட்டும் எட்டு கிலோமீட்டர் நீளம், இரண்டு கிலோமீட்டர் அகலம். மரவளையங்களை ஆராய்ந்தபோது 14, 15-ஆம் நூற்றாண்டுகளில் பல வருட வறட்சியும் இடையிடையே பெருமழையும் மாறி மாறி வந்தது தெரிந்தது. கால்வாய்கள் வெள்ளத்தில் உடைந்தன. வணிகமும் தெற்கே ஆற்றங்கரைக்கு, இன்றைய புனோம் பென் பக்கம் நகர்ந்தது.

2012-இல் விமானத்திலிருந்து லேசர் கொண்டு அளந்தபோது, காட்டுக்கடியில் தெருக்களும் குளங்களும் கட்டம் கட்டமாகத் தெரிந்தன. மரவீடுகள் மக்கிப்போக, கல்லில் கட்டிய கோயில்கள் மட்டும் மிஞ்சியிருக்கின்றன.

எந்த மாதம் போகலாம்?

நவம்பர் முதல் பிப்ரவரி வரை வெயில் தாங்கலாம், கூட்டம் தாங்காது. ஏப்ரல் வேண்டாம், சென்னை வெயிலே பழகியவர்களையும் சாய்த்துவிடும். ஆனால் கெமர் புத்தாண்டும் நம் சித்திரைப் புத்தாண்டை ஒட்டியே வருவதால், திருவிழாவுக்காகப் போகிறவர்கள் உண்டு. என் தேர்வு மழைக்காலக் கடைசி, அக்டோபர். அகழி நிரம்பியிருக்கும், பாசி பிடித்த கல் பச்சையாக இருக்கும், மழையும் பெரும்பாலும் பிற்பகலில் கொட்டிவிட்டுப் போய்விடும்.

எப்படிப் போவது? விசா?

சென்னையிலிருந்து பாங்காக், கோலாலம்பூர், சிங்கப்பூர் ஏதாவது ஒன்றில் விமானம் மாறுவது வழக்கம். 2023 அக்டோபரில் திறந்த புதிய விமான நிலையம் ஊரிலிருந்து தள்ளி இருக்கிறது, காரில் ஒரு மணி நேரம் ஆகும். பாங்காக்கிலிருந்து பேருந்தில் போகும் யோசனை இருந்தால் பொறுங்கள். 2025-இல் தாய்லாந்தோடு நடந்த மோதலில் எல்லைச் சாவடிகளை மூடினார்கள். அன்றைய நிலையைப் பார்க்காமல் பணம் கட்ட வேண்டாம்.

இந்தியர்களுக்கு விசா வேண்டும், இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். அரசுத் தளம் போலவே தோற்றமளிக்கும் தனியார் தளங்கள் இரட்டிப்புக் கட்டணம் பிடுங்கும். முகவரி கம்போடிய அரசின் 'கவ் டாட் கேஎச்' என்று முடிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பணம்?

அமெரிக்க டாலர் எங்கும் செல்லும், மீதிச் சில்லறை ரியெலில் வரும். கிழிந்த, கிறுக்கிய டாலர் நோட்டை வாங்க மாட்டார்கள். உங்களிடம் யாராவது தள்ளினால் நீங்களும் வாங்காதீர்கள்.

சைவச் சாப்பாடு கிடைக்குமா?

சியம் ரீப்பில் இந்திய உணவகங்கள் உண்டு, கவலை வேண்டாம். கெமர் சமையலில் 'ப்ரஹோக்' என்ற புளித்த மீன் விழுது காய்கறிக் குழம்பிலும் நுழைந்துவிடும். இறைச்சி வேண்டாம் என்றால் போதாது, மீன் விழுதும் மீன் சாறும் வேண்டாம் என்று தனியாகச் சொல்லுங்கள். அசைவம் சாப்பிடுகிறவர்கள் வாழையிலையில் தேங்காய்ப்பாலோடு வேகவைத்த மீன் 'அமோக்'கை விடாதீர்கள்.

வயதான அப்பா அம்மாவை அழைத்துப் போகலாமா?

தாராளமாக. ஆனால் படி உயரம் சீராக இருக்காது. அங்கோர் வாட்டின் முதல் சுற்றுச் சுவர்களுக்கு ஏற வேண்டிய படிகள் குறைவு, நிழலும் உண்டு. பந்தேய் ஸ்ரே கிட்டத்தட்ட சமதரை. புனோம் பக்கெங் குன்றை விட்டுவிடுங்கள். வெயிலில் அலையாமல் பகல் பன்னிரண்டு முதல் மூன்று வரை விடுதியில் ஓய்வு.

கோயில் வாசலில் அஞ்சலட்டை விற்கும் குழந்தைகளிடம் வாங்கலாமா?

வேண்டாம். மனசு கேட்காதுதான். ஆனால் விற்பனை நன்றாக நடந்தால் அந்தக் குழந்தை பள்ளிக்குப் போகாது. பெரியவர்கள் நடத்தும் கடையில் வாங்குங்கள்.

மூன்று நாளுக்கு ஒரு திட்டம் சொல்லுங்களேன்.

முதல் நாள் காலை அங்கோர் தாம் தெற்கு வாயில், பாயோன். வெயில் தணிந்ததும் தா ப்ரோம். இரண்டாம் நாள் விடிகாலையில் அங்கோர் வாட், சுவர்கள், பக்கான். பகலில் தூங்கிவிட்டுப் பிற்பகலில் மறுபடி அங்கேயே போய் முகப்பில் வெயில் விழுவதைப் பாருங்கள். மூன்றாம் நாள் காலையிலேயே பந்தேய் ஸ்ரே, அங்கிருந்து க்பால் ஸ்பியன். அது ஆற்றுப்படுகையில் நூற்றுக்கணக்கான லிங்கங்களைச் செதுக்கிய இடம், ஒன்றரை கிலோமீட்டர் மலைப்பாதை ஏற வேண்டும். கோடையில் ஆறு வற்றிக் கிடக்கும், மழைக்காலமும் அதை ஒட்டிய மாதங்களும் நல்லது. அன்றே மாலை விமானம் என்றால் க்பால் ஸ்பியனை விட்டுவிடுங்கள், பந்தேய் ஸ்ரேயை மட்டும் நிதானமாகப் பாருங்கள்.